ஹெரால்டு சேஸிஸில் வேறு பின் ஆக்ஸில்: பொள்ளாச்சித் தம்பிக்கு ஒரு பதில்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேஸிஸின் மேல் ஃபைபர் பாடி போட்டு யாரோ கட்டிய, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். எஞ்சின் மாருதி ஜிப்சி ஜீப்பின் 1298 சிசி. அதன் ஐந்து கியர் பெட்டியே இருக்கிறது. முதல் கியர் 3.65, ஐந்தாவது 0.8. பின்னால் மட்டும், எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பழைய ஹெரால்டு டிஃபரன்ஷியல். வால்பாறை மலையில் வளைவுக்குள் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பித் தூக்கிப் போடுகிறதாம். அதற்காகக் கோவை உக்கடத்தில் ஒரு மாருதி ஓம்னி வேனின் பின் ஆக்ஸில் வாங்கி வைத்திருக்கிறார். பல் எண்ணியும் பார்த்திருக்கிறார்: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் 8, அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் 41. அகலம் சரியாக இருக்கிறது, அப்படியே மாட்டிவிடலாமா, ஸ்பிரிங்கை எங்கே உட்கார வைப்பது, தேவைப்பட்டால் ஆக்ஸில் ஷாஃப்டை வெட்டி வெல்டு வைக்கலாமா, டிஃபரன்ஷியலை லாக் செய்துவிடலாமா என்பவை கேள்விகள்.

தம்பி, பல் எண்ணிப் பார்த்தீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. ஆக்ஸில் மாற்ற வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அகலத்தை மட்டும் டேப் வைத்து அளந்துவிட்டு வெல்டிங் மெஷினைத் தேடுவார்கள். ஆக்ஸில் மாற்றுவதில் வெல்டிங் கடைசி அரை நாள் வேலைதான். அதற்கு முந்தைய ஒரு மாதமும் அளவும் கணக்கும்.

முதலில் பின்பக்கம் ஏன் தூக்குகிறது என்று பார்ப்போம். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கிறது, அது ஆடாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிராஸில் (எந்தப் பக்கமும் மடிந்தபடி சுற்றும் இணைப்பில்) தொங்கி, பறவை இறக்கை மாதிரி ஆடுவது ஆக்ஸில் ஷாஃப்டுகள் மட்டும்தான். குறுக்கே ஒரே ஒரு கமான் பட்டை டிஃபரன்ஷியலின் தலையில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. வளைவில் வெளிச் சக்கரம் ரோட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் காலை எடுத்தால் பின்பக்கத்தின் எடை குறைகிறது. உடனே அந்தச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்து, பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. டயரின் ஓரம் மட்டும் ரோட்டில் நிற்கிறது, அதற்குப் பிறகு பிடிப்பு இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலும் இந்தப் பயத்தோடு ஓட்டுவது சரியில்லை. மாற்ற நினைத்தது நியாயமான முடிவுதான்.

இந்த மாற்றத்தைக் கம்பெனியே ஒருமுறை செய்திருக்கிறது. இங்கிலாந்தில் டிரயம்ஃப் கம்பெனி அதே ஆடும் ஆக்ஸிலை வைத்துக்கொண்டு, 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் பட்டையை மட்டும் நடுவில் அசைய விட்டுச் சமாளித்தது. சென்னையில் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு கம்பெனி வேறு வழியில் போனது. 1970-களில் விட்ட கெஸல் காரில் ஆடும் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு, குழாய்க்குள் ஷாஃப்ட் ஓடும் சாதாரண ஒரே ஆக்ஸிலைப் போட்டார்கள். ஆக, ஹெரால்டு சேஸிஸில் இது முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. இன்றைக்கு கெஸல் ஆக்ஸில் கிடைப்பதுதான் கடினம்.

இனி உங்கள் ஓம்னி ஆக்ஸிலுக்கு வருவோம். அகலம் பொருந்துவது உண்மை. ஓம்னியின் பின் சக்கர மையத்திலிருந்து மையம் 1200 மி.மீ., ஹெரால்டு 48 அங்குலம், அதாவது 1219. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். ‘800 சிசி வண்டி ஆக்ஸில் 1300 எஞ்சினைத் தாங்குமா’ என்று பயமுறுத்துகிறவர்களும் இருப்பார்கள். அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் காரின் பின் சக்கரங்களின் மேல் சுமார் 400 கிலோ இருக்கும். உலர்ந்த ரோட்டில் டயர் அந்த எடையில் எண்பது சதம் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர் ஆரம் 28 செ.மீ. இரண்டு ஷாஃப்டுக்கும் சேர்த்துச் சுமார் 880 நியூட்டன் மீட்டர் முறுக்கு வந்ததுமே டயர் வழுக்கிவிடும். எஞ்சின் முதல் கியரில் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கத் தயாராக இருந்தாலும் டயருக்கு மேல் ஆக்ஸிலுக்குப் போகாது. எட்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்பும் ஓம்னியில் அந்த ஆக்ஸில் இதற்குக் குறையாத முறுக்கைத் தாங்கித்தான் வந்திருக்கிறது. எனவே 155 டயர் வைத்திருக்கும் வரை, கிளட்சைச் சடாரென்று விடாமல் ஓட்டுகிற வரை, உடைந்துவிடும் என்ற பயம் பெரிதாக வேண்டாம். நாளைக்கு 195 டயர் மாட்டினீர்களானால் இந்தக் கணக்கு அத்தனையும் மாறிவிடும். அதை மறக்காதீர்கள்.

இடிப்பது ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு. 41-ஐ 8-ஆல் வகுத்தால் 5.125. 155/80 ஆர் 13 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.76 மீட்டர் உருளும். ஐந்தாவது கியர் 0.8 என்றால் மொத்தம் 4.1. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 77 கி.மீ. போகும். 100 போக வேண்டுமென்றால் எஞ்சின் 3900-இல் ஓட வேண்டும். நான்கு கியர் ஹெரால்டின் டிஃபரன்ஷியல் 4.11, டாப் கியர் நேர் கியர். அதாவது ஐந்தாவது கியருக்காகக் காசு செலவழித்துவிட்டு, பழைய ஹெரால்டின் டாப் கியருக்கே திரும்பி வந்து நிற்பீர்கள். முதல் கியரின் கதை இன்னும் மோசம். 3.65-ஐ 5.125-ஆல் பெருக்கினால் 18.7. 6000 சுற்று வரை இழுத்தாலும் 34 கி.மீ.க்கு மேல் போகாது. சரக்கு ஏற்றுகிற வேனுக்கு அது வேண்டும். உங்கள் காருக்கு வேண்டாம். இன்னொன்று, 100 கி.மீ. வேகத்தில், கியர் பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 4850 சுற்று சுற்றும். கொஞ்சம் பேலன்ஸ் தவறினாலும் அவிநாசி ரோட்டில் ஸ்டியரிங் வரை அதிரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிரீமியர் பத்மினி ஆக்ஸிலைத் தேடுவேன். கிரவுன் 43, பினியன் 10, ரேஷியோ 4.3. ஐந்தாவதில் மொத்தம் 3.44 வரும். 3000 சுற்றில் 92 கி.மீ., 100-க்கு 3250 சுற்று. முதல் கியரும் 15.7-க்கு வந்துவிடும், 40 வரை நன்றாக இழுக்கும். அகலம் 1215 வாக்கில், ஹெரால்டுக்கு நாலைந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். டாக்ஸியாக ஓடி ஓடி நிரூபித்த ஆக்ஸில் அது. குறை என்னவென்றால் வண்டி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது, நல்ல கிரவுன் பினியன் செட்டுக்கு அலைய வேண்டும். மாருதி ஈக்கோ வேனின் ஆக்ஸிலையும் சிலர் சொல்வார்கள். அது காயில் ஸ்பிரிங்கும் இணைப்புக் கம்பியும் வைத்த ஆக்ஸில், பிராக்கெட் எல்லாம் கூடவே வரும் என்பது பெரிய வசதி. ஆனால் 1290 மி.மீ. அகலம், உங்கள் பாடியின் மட்கார்டுக்கு வெளியே பக்கத்துக்கு 35 மி.மீ. சக்கரம் தெரியும். மட்கார்டை அகலப்படுத்த மனம் இருந்தால் யோசிக்கலாம்.

எந்த ஆக்ஸிலாக இருந்தாலும் பழைய இரும்புக் கடையில் பிரிக்காமலே ரேஷியோ பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்து டிரம்மை அசையாமல் கட்டிவிடுங்கள். மறுபக்கத்து டிரம்மில் சாக்பீஸில் ஒரு கோடு, பினியன் முனையில் ஒரு கோடு. டிரம்மைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. நாலும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றால் 4.3, ஐந்தைத் தாண்டி நின்றால் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ஸ்பிரிங். இந்த மாற்றத்தில் அதிகம் கெடுவது இங்கேதான். ஹெரால்டின் சேஸிஸ் நடுவில் முதுகெலும்பு மாதிரி நெருக்கமாக ஓடும் இரண்டு பீம். பக்கவாட்டில் கிளம்பும் கைகள் பாடியைத் தாங்க வந்தவை, மெல்லிய தகடு. பத்மினி ஆக்ஸிலோடு வரும் இரண்டு கமான் பட்டையை மாட்ட நினைத்தால், பட்டையின் முன் கண் வந்து உட்காரும் இடத்தில் நம்பிக் கட்ட இரும்பே இல்லை. அந்தக் கைகளில் பிராக்கெட் வெல்டு வைத்து ஓட்டிய ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் தகடு கிழிந்து ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கி நின்றது. அதனால் நாலு இணைப்புக் கம்பியும் காயில் ஸ்பிரிங்கும் வைத்துப் போகச் சொல்வேன். கீழே இரண்டு, மேலே இரண்டு. பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஒரு பேனார்டு ராடு: ஒரு முனை ஆக்ஸிலில், மறு முனை எதிர்ப்பக்கச் சேஸிஸில். முடிந்த வரை நீளமாக, வண்டி ஆள் ஏறி நிற்கும் உயரத்தில் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும்.

மேல் கம்பிகளை வெறும் ஒப்புக்கு வைக்காதீர்கள். இதுவரை பினியனின் எதிர் முறுக்கை வாங்கியது சேஸிஸில் போல்ட் போட்ட டிஃபரன்ஷியல் மவுண்டிங். இனிமேல் ஆக்ஸில் அந்தரத்தில் நிற்கிறது. கிளட்சை விடும்போது பினியனின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும், பிரேக் போட்டால் கீழே குனியப் பார்க்கும். இரண்டையும் பிடித்து நிறுத்துவது மேல் கம்பிகள்தான். அவற்றின் முன் முனைகளைப் பழைய டிஃபரன்ஷியல் மவுண்டிங் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நடு பீமிலேயே வையுங்கள். அந்த இடம் இதே விசையை வாங்கத்தான் பிறந்தது. புஷ் எல்லாம் ரப்பராகவே இருக்கட்டும். ரேஸ் காரில் போடும் உருண்டை ஜாயின்ட் ரோட்டு மண்ணில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

காயில் ஸ்பிரிங்கை எங்கே உட்கார வைப்பது? ஷாக் அப்சார்பருக்குச் சேஸிஸில் இருக்கும் மேல் பிராக்கெட்டில் காயிலோடு சேர்ந்த ஷாக்கை மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்டிவிடாதீர்கள். ஹெரால்டில் பின்பக்கத்து எடை முழுவதும் பட்டை வழியாக டிஃபரன்ஷியலுக்கும் அங்கிருந்து நடு பீமுக்கும் போனது. ஷாக் பிராக்கெட் வண்டியின் எடையை ஒரு நாளும் தாங்கியதில்லை, அது ஆட்டத்தைப் பிடிக்க மட்டும் வந்தது. எடையை அதில் ஏற்ற வேண்டுமென்றால், இரண்டு பிராக்கெட்டையும் இணைத்து நடு பீமின் மேலாக ஒரு குறுக்குக் குழாய் கொடுத்துக் கோர்க்க வேண்டும். பழைய பட்டை எடுத்த இடம் காலியாகத்தான் இருக்கும், குழாய்க்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் பழைய டிஃபரன்ஷியல் ஆடாதது, அதனால் புரொப்பல்லர் ஷாஃப்டும் இரண்டு பீமுக்கு நடுவே கிட்டத்தட்ட ஆடாமல் சுற்றியது. இனிமேல் அது ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலும் கீழும் போகும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்து ஆக்ஸிலை ரப்பர் ஸ்டாப் முட்டும் வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பாடியின் டன்னல், சைலன்சர் குழாய், குறுக்குத் தகடு எதிலும் உரசக் கூடாது. ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் முனையில் நீண்டு குறையும் பல் வெட்டிய பகுதி, அதாவது ஸ்பிளைன், கழன்று வராமல் உள்ளே 25 மி.மீ.யாவது மாட்டியிருக்க வேண்டும். ஷாஃப்டின் நீளத்தை இதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். வெட்டி பேலன்ஸ் செய்ய சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வேலை செய்கிறவர்களிடம் போங்கள். தினமும் அதே வேலையில் ஊறியவர்கள். இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவை, அதாவது யோக், ஒரே நேராக நிற்கிறதா என்று கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பாருங்கள்.

பினியன் கோணத்தில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். வேறொரு சின்னக் கார், இதே மாதிரி வேலை. பாடியை இறக்கி வைத்துவிட்டு, வெறும் சேஸிஸில் ஆக்ஸிலை நிறுத்திக் கோணம் பார்த்து பிராக்கெட்டுகளை வெல்டு வைத்துவிட்டேன். எஞ்சின், பாடி, பெட்ரோல், ஆள் எல்லாம் ஏறியதும் வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது. பல்லடம் ரோட்டில் 70-ஐத் தொட்டதும் கியர் ராடு விறுவிறுவென்று நடுங்க ஆரம்பித்தது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தது. 85-இல் நின்றுவிடும், மறுபடி 95-இல் வரும். பேலன்ஸ் என்று நினைத்து ஷாஃப்டை இரண்டு முறை கழற்றிக் கொண்டுபோனேன். கடைசியில் கோவை கணபதிப் பகுதியில் வயதான டர்னர் ஒருவர் வந்து பார்த்தார். வண்டிக்குள் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு, கியர் பெட்டியின் பின் முனையில் ஒரு முறையும் பினியன் முனையில் ஒரு முறையும் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இது மேல பாக்குது, அது கீழ பாக்குது, நடுவுல இருக்கற கிராஸு என்ன பண்ணுமுங்க?” என்றார். நாலரை டிகிரி வித்தியாசம். பிராக்கெட்டை அறுத்து மறுபடி வைத்தோம்.

அதனால் நீங்கள் மேல் கம்பிகளை நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி, இரண்டு முனையிலும் எதிரெதிர் மரை போட்டு வையுங்கள். பாடி, எஞ்சின், அரை டேங்க் பெட்ரோல், இரண்டு பேர் எடைக்கு அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிய பிறகு, கியர் பெட்டி வெளிவரும் கோடும் பினியன் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கட்டும். ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும். இரண்டு கிராஸிலும் மடிப்பு சமமாக, இரண்டு மூன்று டிகிரி இருப்பது நல்லது. முற்றிலும் நேராக இருந்தால் கிராஸின் ஊசி பேரிங் ஒரே இடத்தில் நின்று குழி விழும்.

ஆக்ஸில் வண்டிக்கு நேராக நிற்கிறதா என்பதற்குக் கொத்தனார் தூக்குக்குண்டு போதும். முன் சஸ்பென்ஷனின் கீழ் போல்ட் இரண்டிலிருந்தும், பின் ஹப் இரண்டிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு, நூல் பிடித்து நீளமும் மூலைவிட்டமும் அளவெடுங்கள். மூலைவிட்டங்களின் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் வர வேண்டும். அதற்கு மேல் போனால் நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டிவரும்.

ஆக்ஸில் ஷாஃப்டை வெட்டி வெல்டு வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் ஒரே சொல்தான்: கூடாது. ஷாஃப்டின் மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது. வெல்டின் சூடு அதை ஒரு இடத்தில் கெடுத்துவிடும், உடைந்தால் அங்கேதான் உடையும். உடைந்தால் சக்கரமும் டிரம்மோடு வெளியே வரக்கூடிய ஆக்ஸில்கள் உண்டு. நீளம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் புது ஷாஃப்டே செய்துகொள்ளுங்கள். இ.என். 24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் கடைந்து, ஸ்பிளைன் வெட்டி, ஹார்டன் செய்து தரும் பட்டறை கோயம்புத்தூரில் தேடினால் கிடைக்கும். பம்ப்செட்டுக்கும் மில் மெஷினுக்கும் உதிரி செய்து பழகிய ஊர். ரேஸ் ஓட்டியவரான கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டியதும் இந்த ஊரில்தான். இந்த மாதிரி வேலை ஊருக்குப் புதிதல்ல. பத்மினி ஆக்ஸில் எடுத்தீர்களானால் இந்தச் செலவே வராது.

டிஃபரன்ஷியலை லாக் செய்வதும் வேண்டாம். வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும். மலையில் நீங்கள் தப்பிக்க நினைத்த ஆபத்தை வேறு உருவத்தில் கூட்டி வந்ததாகிவிடும்.

கிரவுன் பினியன் செட்டைப் பிரித்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசித் தேய்த்து எடுத்தவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா பாருங்கள், ஒன்றின் கிரவுனோடு இன்னொன்றின் பினியன் சேராது. பேரிங், ஆயில் சீல், நசுங்கும் ஸ்பேசர் இருந்தால் அதுவும் புதிது. பினியனை முறுக்கும்போது ஸ்பேசர் நசுங்கி, கையில் லேசான கனம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதிகமாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, இன்னொரு ஸ்பேசர்தான். பல்லுக்குப் பல் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.10-க்கும் 0.15 மி.மீ.க்கும் நடுவே இருக்கட்டும். கிரவுனைச் சுற்றி மூன்று நாலு இடத்தில் பாருங்கள்.

பிறகு ரெட் லெட் என்ற சிவப்புப் பவுடரை எண்ணெயில் குழைத்து, கிரவுனின் ஏழெட்டுப் பல்லில் மெல்லிசாகத் தடவுங்கள். ஒருவர் கிரவுனைத் துணியால் பிடித்துக் கொஞ்சம் இழுவை கொடுக்க, இன்னொருவர் பினியனைச் சுற்ற வேண்டும். சிவப்பு விலகிப் பளபளவென்று தெரியும் இடம் பல்லின் நடுவில், நீள்வட்டமாக, உள்பக்க முனையை நோக்கிச் சற்றே நகர்ந்து இருந்தால் நல்லது. பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் நெருங்கி நிற்கிறது. பினியனுக்கு வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்மைக் கூட்டிக் குறைத்து மறுபடி தடவுங்கள். நாலு முறை, ஐந்து முறை ஆகும். சலித்துக்கொண்டு விட்டுவிட்டால் அந்த ஊளைச் சத்தம் காரை விற்கும் வரை காதில் இருக்கும். ஆயில் ஜி.எல். 5, 80-90.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பின்பக்கம் லேசானது. டிரம்மோ வீல் சிலிண்டரோ ஹெரால்டில் இருந்ததைவிடப் பெரியதாக வந்துவிட்டால், மழையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். ஆள் இல்லாத மண் ரோட்டில் 30 கி.மீ.யில் அழுத்திப் பாருங்கள். முன் சக்கரம்தான் முதலில் இழுபட வேண்டும். பின்பக்கம் முந்தினால் விட்டம் குறைந்த வீல் சிலிண்டர் போடுங்கள்.

ரோட்டில் ஓட்டுவதானால் பதிவு விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றம் உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆக்ஸில் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி மூடிய டிராக்குக்கு மட்டும், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டும் காராக வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் புது பிராக்கெட்டுகளை முடிந்த வரை பழைய போல்ட் ஓட்டைகளில் மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். பழைய ஆக்ஸிலையும் பட்டையையும் விற்காமல் எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள். ஹெரால்டு சேஸிஸ் இனி ஒன்று வரப்போவதில்லை.

ஓம்னி ஆக்ஸிலைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பத்மினி ஆக்ஸில் கிடைத்ததும், வாங்குவதற்கு முன் டிஃபரன்ஷியலைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். குழி விழுந்திருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு அணை வரை போதும், மலை ஏற வேண்டாம். திரும்பி வந்து, ஆக்ஸில் ஹவுசிங்கில் பினியன் இருக்கும் மூக்கில் கையை வையுங்கள். பேரிங் புதிது, கொஞ்சம் சுடத்தான் செய்யும். கையை வைத்து எடுக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பினியன் இறுக்கம் அதிகம், பிரித்துவிடுங்கள். 500 கி.மீ. ஓடியதும், இரும்புத் துகள் வருகிறதா என்று ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள், கம்பி போல்ட் எல்லாவற்றையும், வண்டி தரையில் நிற்கும்போதே, மறுபடி ஒரு சுற்று முறுக்குங்கள். பிறகு வால்பாறைக்குப் போங்கள்.